11-க்கு 10 அடி அறை, 5½ கட்டைப் பாட்டு: மிக்ஸ் பண்ண ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா?

கீழ்ஸ்தாயி:

வணக்கம். பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங்குக்காக ஒரு படுக்கையறையை ஒதுக்கியிருக்கிறேன். நீளம் 11 அடி, அகலம் 10, உயரம் ஒன்பதரை. மொசைக் தரை, சிமென்ட் பூச்சுச் சுவர், ஒரு மூலையில் இரும்பு பீரோ. மேசை நீளவாக்கில் இருக்கிறது. காற்று வேண்டுமே என்று நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருக்கிறேன்.

பெரும்பாலும் பக்திப் பாடல்கள். பெண் குரல், வீணை, மிருதங்கம், அதோடு கம்ப்யூட்டரில் சேர்க்கும் கிக் (டிரம்மின் அடி ஒலி), பேஸ், சின்த் பேட் (பின்னணியில் நீளும் ஒலி). சுருதி அநேகமாக 5½ கட்டை. இரவு பத்துக்கு மேல்தான் உட்கார முடிகிறது. பக்கத்து அறையில் ஆட்கள் தூங்குவார்கள்.

இப்போது இரவல் வாங்கிய யமஹா எச்எஸ்5 ஸ்பீக்கர் ஜோடியில் வேலை ஓடுகிறது. அடுத்த மாதம் திருப்பித் தர வேண்டும். மூன்று தொல்லைகள். அறையில் சரியாக இருக்கும் மிக்ஸை காரில் போட்டால் கிக்கும் பேஸும் கதவை அதிரவைக்கின்றன. அதே காரில் மிருதங்கத்தின் தொப்பி (தடித்த ஒலி தரும் இடப்பக்கம்) மெலிந்துபோய் வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் டிக் டிக்கென்று நிற்கிறது. போன் ஸ்பீக்கரில் பேட் காணாமலே போகிறது.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. சொந்தமாக ஸ்பீக்கர் வாங்குவதா, அல்லது நல்ல ஹெட்ஃபோனுக்கே மாறிவிடுவதா?

அலைநீளம்:

எதையும் வாங்குவதற்கு முன் நாற்காலியை நகர்த்துங்கள். முதல் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் அந்த ஃபேன்தான். சத்தத்தால் அல்ல, அது இருக்கும் இடத்தால்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில கீழ் ஒலிகள் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். எவை என்பதைக் கணக்கிடலாம்: ஒலியின் வேகத்தைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்துக்கு வேகத்தை வினாடிக்கு 348 மீட்டர் என்று கொள்ளுங்கள். 11 அடிக்கு 52 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57, ஒன்பதரை அடிக்கு 60. மூன்று அளவும் நெருக்கமாக இருப்பதால் மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. பெட்டி போன்ற அறையின் சாபம் இது. அவற்றின் இரட்டிப்பு 104, 114, 120. அவையும் ஒரே கூட்டம்.

இப்படி மாட்டி நிற்கும் நிலை அலைகளில் முதல் வரிசைக்கு (52, 57, 60) அறையின் நடுவில் அழுத்தம் பூஜ்யம். இரண்டாம் வரிசைக்கு (104, 114, 120) அதே இடத்தில் உச்சம். ஃபேன் மாட்டுவது அறையின் நட்டநடுவில். அதன் கீழே உட்கார்ந்தால் நீளத்துக்கும் அகலத்துக்கும் நடுவில் தலை இருக்கும். நாற்காலியில் காது சுமார் நாலடி உயரத்தில் வருவதால் உயரத்திலும் கிட்டத்தட்ட பாதி. ஆக 52 முதல் 60 வரை உங்கள் காதுக்கு வருவதே இல்லை, 104 முதல் 120 வரை ஊதிக்கொண்டு வருகிறது. கேட்காததை ஏற்றினீர்கள், அதுதான் காரில் கதவை ஆட்டுகிறது. ஊதியதை வெட்டினீர்கள், தொப்பி மெலிந்தது.

இன்னொரு துரதிர்ஷ்டமும் இருக்கிறது. 5½ கட்டை என்றால் ஜி ஷார்ப். பேஸில் அந்த சட்ஜம் 51.9 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே 103.8. உங்கள் பாட்டின் ஆதார சுருதியும் அறையின் நீளமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன! பேஸ் கீழ் சட்ஜத்தில் நிற்கும்போது காணோம், மேல் சட்ஜத்துக்குப் போனால் முழங்கும். வலந்தலை 208 ஹெர்ட்ஸை ஒட்டி நின்று, தொப்பியை அதற்கு ஒரு ஸ்தாயி கீழே வைத்திருந்தால் அதுவும் இதே 104-இல்தான் மாட்டுகிறது. 1 கட்டைப் பாட்டு ஒன்றை மிக்ஸ் செய்து பாருங்கள், இந்த அளவுக்குப் படுத்தாது.

செய்ய வேண்டியது: ஸ்பீக்கரின் முதுகுக்கும் முன்சுவருக்கும் 10 சென்டிமீட்டர் விடுங்கள். எச்எஸ்5-க்குப் பின்பக்கம் துளை உண்டு, அதனால் ஒட்டி வைக்கக்கூடாது. ஸ்பீக்கர்கள் ஒன்றுக்கொன்று 1 மீட்டர், உங்கள் தலை இரண்டிலிருந்தும் 1 மீட்டர், ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். இப்படி வைத்தால் தலை முன்சுவரிலிருந்து ஏறக்குறைய 4 அடியில் வரும். சிறிய அறையில் நீளத்தின் 38 சதவீதத்தில் உட்காரச் சொல்வது வழக்கம், உங்களுக்கு அது 4.2 அடி. கணக்கு பொருந்துகிறது. சுவருக்குப் பக்கத்தில் வைப்பதால் கீழ் ஒலி கொஞ்சம் தடிக்கும். பின்னால் இருக்கும் ரூம் கன்ட்ரோல் ஸ்விட்சை மைனஸ் 2-இல் போடுங்கள்.

சுவரை விட்டு இரண்டடி தள்ளி வைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். அந்த அறையில் வேண்டாம். ஸ்பீக்கரின் முன்முகத்திலிருந்து பின்னால் உள்ள சுவர்வரையிலான தூரத்தின் நாலு மடங்கால் ஒலி வேகத்தை வகுத்தால், சுவரில் மோதித் திரும்பும் ஒலி எங்கே பள்ளம் பறிக்கும் என்று தெரியும். 82 சென்டிமீட்டரில் அது 106 ஹெர்ட்ஸ். 32 சென்டிமீட்டரில் 272. அவ்வளவு மேலே உள்ள ஒலியை ஸ்பீக்கர் பின்பக்கம் அதிகம் விடாது, அதனால் பள்ளமும் ஆழமாக இருக்காது.

முட்டை அட்டை, தெர்மோகோல் இரண்டிலும் காசைப் போடாதீர்கள். ஒரு அங்குல ஸ்பாஞ்ச் மேல் ஒலியை மட்டும் தின்று அறையை இன்னும் மப்பாக்கும். ஏசி வேலைக்காரர்கள் வாங்கும் ராக்வூல் பலகை, கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் தடிமன். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து 100 மில்லி ஆக்கி, ரீப்பர் கட்டைச் சட்டத்தில் அடைத்து, வாய் வைத்து ஊதினால் காற்று போகும் துணியால் சுற்றுங்கள். கையுறை, மூக்குக்குத் துணி கட்டாயம். நார் தோலில் ஏறினால் ஒரு நாள் முழுக்க அரிக்கும். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பக்கச் சுவரில் ஒருவரை முகக்கண்ணாடி பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே பக்கத்துக்கு ஒரு பலகை. வாடகை வீடென்றால் ஆணி வேண்டாம், ஸ்டூல்மேல் சாய்த்து வைத்தாலும் போதும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்பது இன்னும் நல்லது.

ஆனால் அந்தப் பலகை 52 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. அதன் கால் அலைநீளமே ஐந்தரை அடி. அதனால்தான் அடி ஒலிக்கு ஹெட்ஃபோன் வேண்டும் என்ற பக்கம் நானும் சாய்கிறேன். எச்எஸ்5 தன்னளவிலேயே 54 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் இறங்கிவிடும் பெட்டி. கிக்கின் அடியை அதில் கேட்டு முடிவு செய்வது எந்த அறையிலும் நடக்காது.

காதுமடல்:

இரவு பத்துக்கு மேல வேலை, 40,000 பட்ஜெட், பெட்டி அறை. இதுல யோசிக்க என்ன இருக்கு, ஹெட்ஃபோன்தான். எதை வாங்கறது, எப்படிப் பயன்படுத்தறதுங்கறதுலதான் விஷயம்.

திறந்த வகை, மூடிய வகை ரெண்டு உண்டு. மிக்ஸுக்குத் திறந்த வகை நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க. உண்மைதான், சென்ஹைசர் எச்டி 600 மாதிரி ஒண்ணுல நடு ஒலி அவ்வளவு இயல்பா இருக்கும். ஆனா திறந்த வகையில ஃபேன் இரைச்சல் அப்படியே உள்ள வரும். ரிவெர்ப்போட (எதிரொலி மாதிரி நீளற ஒலி) வால் அந்த இரைச்சலுக்குள்ள மறைஞ்சிடும், நீங்க வால் போதலைன்னு இன்னும் கூட்டுவீங்க. ஃபேன் இல்லாம உட்கார முடியாதுன்னா மூடிய வகைக்குப் போங்க: சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓம் மாதிரி. அதே அறையில குரலும் பதிவு பண்றீங்கன்னா மூடியது எப்படியும் வேணும், இல்லேன்னா சுருதிப் பெட்டியும் தாளத்துக்கு ஓடற கிளிக்கும் மைக்ல கசியும்.

ஓம் கணக்கு பாருங்க. எச்டி 600 300 ஓம். சில இன்டர்ஃபேஸ்ல (கம்ப்யூட்டரோட ஹெட்ஃபோனையும் மைக்கையும் இணைக்கற பெட்டி) வால்யூமை முழுசாத் திருகினாலும் போதாது. குறைஞ்ச ஓம் ஹெட்ஃபோனுக்கு வேற பிரச்சினை: இன்டர்ஃபேஸோட வெளியீட்டு மின்தடை, ஹெட்ஃபோன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. போனா சில மாடல்ல அடி ஒலி உப்பும். ப்ளூடூத், இரைச்சல் நீக்கும் வகையெல்லாம் இந்த வேலைக்கு வேண்டாம். அதுக்குள்ள இருக்கற சிப் தன் இஷ்டத்துக்கு ஒலியை மாத்தும்.

மூடிய ஹெட்ஃபோன்ல பேஸ் குறைவா இருக்குன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் கண்ணாடி போட்டவங்க. கண்ணாடிக் காம்பு காதுமேல போற இடத்துல மெத்தை தூக்கிக்கும், அந்தச் சின்ன இடுக்குல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறது ஒழுகிப் போயிடும். சோதிக்கறது சுலபம்: ஒரு பேஸ் நோட்டை ஓடவிட்டு ரெண்டு கையாலயும் கிண்ணத்தை லேசா அழுத்துங்க. பேஸ் சட்டுன்னு ஏறினா ஒழுகல் இருக்கு. மெல்லிய காம்புக் கண்ணாடி போடுங்க, இல்ல காம்பைக் கொஞ்சம் மேல தூக்கி வைங்க. வியர்வையில மெத்தைத் தோல் உரிஞ்சு கறுப்புத் துகளா காதுல ஒட்ட ஆரம்பிச்சா மாத்தற நேரம். வேற வகை மெத்தை போட்டா ஒலியும் மாறிடும், அதே மாடலுக்கான மெத்தையே வாங்குங்க.

எந்த ஹெட்ஃபோனும் சமமா இருக்காது. பேயர்டைனமிக்ல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. அதுல "ஸ" சத்தம் குத்தும், நீங்க வெட்டுவீங்க, வெளிய குரல் போர்வை போத்தின மாதிரி கேக்கும். ஆட்டோஈக்யூன்னு ஒரு இலவசத் தொகுப்பு இருக்கு, ஆயிரக்கணக்கான மாடலுக்குத் திருத்த எண்கள் தருது. அதை ஒரு ஈக்யூல (ஒலியோட ஒவ்வொரு பகுதியையும் தனியா ஏத்தி இறக்கற கருவி) போடுங்க. ஆனா மாஸ்டர் ட்ராக்ல போட்டா பாட்டோட சேர்ந்து ரெண்டர் ஆயிடும், கடைசிக் கோப்புலயே பதிஞ்சிடும். அடிக்கடி நடக்கற தப்பு இதுதான். ரீப்பர் மென்பொருள்னா மானிட்டரிங் எஃப்எக்ஸ்னு தனி இடமே இருக்கு, அங்க போடறது ரெண்டர்ல போகாது. விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓ வழியாவும் போடலாம், ஆனா ஆசியோ டிரைவர்ல ஓடற மென்பொருளுக்கு அது வேலை செய்யாது.

கடைசியா சத்தம். ஹெட்ஃபோன்ல தெரியாமலே ஏத்திட்டே போவோம். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும் தாங்கலாம்னா 88-ல நாலுதான், 91-ல ரெண்டுதான். ஒரு அளவுல நிறுத்தி குமிழ்ல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிடுங்க. பாட்டு முழுக்க அந்தப் பொட்டைத் தாண்டாதீங்க.

நடுமேடை:

காதுமடல் சொன்னதில் பாதிதான் ஏற்க முடியும். அடி ஒலிக்கு ஹெட்ஃபோன், சரி. குரலை எவ்வளவு வைப்பது, எதை எங்கே தள்ளுவது என்ற கேள்விகளுக்கு ஹெட்ஃபோன் பொய் சொல்லும்.

ஸ்பீக்கரில் இடது பெட்டியின் ஒலி வலது காதுக்கும் போகிறது, கால் மில்லிவினாடி தாமதமாக, தலை மறைப்பதால் மேல் ஒலி கொஞ்சம் குறைந்து. ஹெட்ஃபோனில் அது அடியோடு இல்லை. அதனால் வீணை இடது ஓரம், மிருதங்கம் வலது ஓரம் என்று வைத்தால் இரண்டும் வெவ்வேறு ஊரில் கச்சேரி செய்வதுபோல் இருக்கும். நீங்கள் பயந்து உள்ளே இழுப்பீர்கள், ஸ்பீக்கரில் எல்லாம் நடுவில் முட்டும். குரல் ஹெட்ஃபோனில் மண்டைக்குள் தெளிவாகக் கேட்பதால் ஒன்றிரண்டு டெசிபல் குறைவாகவே வைக்கத் தோன்றும். ரிவெர்ப் ஒவ்வொரு துளியும் கேட்பதால் அதுவும் குறையும். பக்திப் பாட்டில் குரல் உள்ளே போய், ரிவெர்ப்பும் வற்றிவிட்டால் என்ன மிச்சம்?

கிராஸ்ஃபீட் ப்ளக்இன் போட்டால் கொஞ்சம் சரியாகும். 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எதிர்க் காதுக்குச் சற்றுக் குறைத்து அனுப்பும். இதுவும் மானிட்டரிங் எஃப்எக்ஸில்தான் இருக்க வேண்டும். ஆனாலும் குரல் அளவை ஒரு ஸ்பீக்கரில் கேட்காமல் முடிக்காதீர்கள். ஜோடி கூட வேண்டாம், ஒரே ஒரு சின்னப் பெட்டி, மோனோவில் (இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி), குசுகுசுவென்று பேசும் சத்தத்தில். அந்தச் சத்தத்தில் பேஸும் மேல் ஒலியும் காதுக்கே குறைந்துவிடும், நடு ஒலி மட்டும் மிஞ்சும். அப்போது சாகித்தியத்தின் ஒவ்வொரு எழுத்தும் புரிந்தால் குரல் சரியான இடத்தில் இருக்கிறது. அந்தச் சத்தத்தால் பக்கத்து அறையில் யாரும் விழிக்கவும் மாட்டார்கள்.

உங்கள் மூன்றாவது தொல்லைக்கு விடையும் இப்படி மோனோவில் கேட்பதுதான். பேட் சின்தில் "வைட்" என்று ஏதாவது போட்டிருப்பீர்கள். பல ப்ரீசெட்கள் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கியோ சில மில்லிவினாடி தாமதித்தோ அகலத்தைக் காட்டுகின்றன. ஒரே ஸ்பீக்கரில் இடம் வலம் இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹெட்ஃபோனில் இது தெரியவே தெரியாது, அகலமாக அழகாக இருக்கும். மாஸ்டரை மோனோவாக்கிப் பேடை மட்டும் சோலோ செய்யுங்கள். 3 டெசிபல்வரை குறைந்தால் விடலாம். அதைவிட விழுந்தால் அந்த அகல எஃபெக்டை எடுத்துவிட்டு, வேறு ப்ரீசெட்டில் அதே நோட்டை இன்னொரு முறை வாசித்து, இரண்டையும் இடம் வலம் வையுங்கள்.

போனில் பேஸ் கேட்கவில்லை என்ற புகாரும் அடுத்து வரும். 52 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தள்ள முடியாது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) போட்டால் 104, 156, 208 என்று மேல் ஸ்வரங்கள் பிறக்கும். அவற்றை வைத்துக் காது அடியை ஊகித்துக்கொள்ளும்.

எர்த்துக்கம்பி:

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. ஸ்பீக்கர் வாங்கினால் ம்ம்ம் என்று உறுமல் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு இரண்டு கறுப்பு வளையம் உள்ள டிஆர்எஸ் வயர் போடுங்கள், ஒரே வளையம் உள்ள கிட்டார் வயர் வேண்டாம். லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே ப்ளக் பாக்ஸில். சார்ஜரைப் பிடுங்கியதும் உறுமல் நின்றால் காரணம் எர்த் சுற்று, அதாவது எர்த் இரண்டு வழியில் இணைந்து வளையமாவது. அதற்காக மூன்றாவது பின்னை உடைக்கும் வேலை மட்டும் வேண்டாம், ஷாக் அடிக்கும்.

கீழ்ஸ்தாயி:

எல்லோருக்கும் நன்றி. நாற்காலியை நகர்த்துவதற்கு முன் சின்தில் வெறும் சைன் அலை வைத்து, 41 ஹெர்ட்ஸிலிருந்து 208 வரை ஒவ்வொரு அரை ஸ்வரமாக ஒரே அளவில் வாசித்துப் பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே 49 முதல் 62 வரை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 104-இல் மேசைமேல் டம்ளர் அதிர்ந்தது. முன்னால் 4 அடிக்கு வந்ததும் 52 மெலிதாகக் கேட்கத் தொடங்கியது, ஆனால் 116 இன்னும் தூக்கல். பேடைப் பார்த்தேன், மோனோவில் ஏறக்குறைய மௌனம்.

இந்த 116-ஐ ஸ்பீக்கரில் ஈக்யூ போட்டு வெட்டிவிடலாமா? போனில் மைக் ஆப் வைத்து அளந்து செய்யலாம் என்று நினைக்கிறேன்.

அலைநீளம்:

116 அகலத்துக்கானது, அதாவது 114 ஹெர்ட்ஸ். இடவலத்தில் நடுவில்தான் உட்கார வேண்டும் என்பதால் அதிலிருந்து நகர்ந்து தப்ப முடியாது. ஈக்யூவில் வெட்டலாம், மேட்டை வெட்டுவது வேலை செய்யும். பள்ளத்தை ஈக்யூவால் தூக்கக்கூடாது. 52-இல் 10 டெசிபல் ஏற்றினாலும் அந்த இடத்தில் அலை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், ஐந்து அங்குலக் கூம்புதான் திணறும்.

போன் மைக்கை நம்பாதீர்கள். பல போன்கள் காற்று இரைச்சலைத் தவிர்க்க அடி ஒலியை வடிகட்டிவிடும். மினிடிஎஸ்பி யூமிக்-1 மாதிரி அளவு மைக்கை யாரிடமாவது ஒரு நாள் வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் 20 முதல் 300 ஹெர்ட்ஸ்வரை ஓட்டுங்கள். அளக்கும்போது ஃபேனை நிறுத்த வேண்டும், பீரோ கதவு பூட்டியிருக்க வேண்டும். கதவு தளர்ந்திருந்தால் அதுவே ஒரு வாத்தியம்.

காதுமடல்:

பணத்தைப் பிரிக்கறது பத்தி: மூடிய ஹெட்ஃபோன் ஒண்ணு, மாத்து மெத்தை ஒரு ஜோடி. மிச்சத்துல நாலு ராக்வூல் பலகைக்குச் சாமான், நடுமேடை சொன்ன ஒத்தைச் சின்னப் பெட்டி. இந்தத் தொகையில இவ்வளவும் அடங்கிடும். ஜோடி ஸ்பீக்கர் அப்புறம் பாத்துக்கலாம். ஸ்பீக்கர்னு வந்தாலும் இரவுல அதை ஏத்த முடியாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் சட்டம் சொல்ற வரம்பே 45 டெசிபல்தான்.

எச்எஸ்5 கையில இருக்கற இந்த மாசத்துக்குள்ள ஒரு வேலை முடிச்சுடுங்க. நீங்க மதிக்கற ரெண்டு பாட்டை, 5½ கட்டையில ஒண்ணு, 1 கட்டையில ஒண்ணு, உங்க செஷன்லயே ஒரு ட்ராக்கா போட்டு, உங்க மிக்ஸோட சத்தத்துக்கு இறக்குங்க. வெளியான பாட்டு மைனஸ் 9 லஃப்ஸ் (பாட்டோட மொத்தச் சத்தத்தை அளக்கற அலகு), உங்களுது மைனஸ் 18-னா 9 டெசிபல் இறக்கணும். இறக்கலேன்னா எப்பவும் அதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும். அந்த ரெண்டையும் ஸ்பீக்கர்ல ஒரு தடவை, புது ஹெட்ஃபோன்ல ஒரு தடவை மாத்தி மாத்திக் கேட்டு, குரலும் தொப்பியும் எங்க நிக்குதுன்னு ஒரு தாள்ல எழுதி வைங்க. பெட்டி போனதுக்கப்புறம் அந்தத் தாள்தான் துணை.

நடுமேடை:

அந்தத் தாளில் காரையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுக் கேளுங்கள், ஓட்டுநர் இருக்கையிலிருந்து, பேஸ் குமிழை நடுவில் வைத்து. பலர் அது மூன்று படி ஏறியிருப்பதைப் பார்க்காமலே மிக்ஸைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள்.